தரையில் உட்கார்ந்தால் தெரிகிற வீடு

அண்ணன் திருநெல்வேலியில் பெருமாள்புரம் தாண்டி ஐந்தரை சென்ட் மனை வாங்கி வீடு கட்டியபோது வரைபடம் போட்டது நான்தான். 27 வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் முடித்துவிட்டு ஒரு இன்ஜினியர் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் டிரேசிங் பேப்பரில் மைப் பேனாவால் கோடு இழுப்போம். தப்பாகிவிட்டால் பிளேடால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். அப்புறம் ஆட்டோகேட் வந்தது. எத்தனையோ பேருடைய படுக்கையறையும் அடுக்களையும் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. இது சொந்த வீடு என்பதால் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு, ஏழு தடவை மாற்றிப் போட்டேன்.

கிழக்குப் பார்த்த மனை, 40-க்கு 60 அடி. ஹால் 16-க்கு 20. அம்மாவுக்கு முன்பக்கம், போர்ட்டிகோவை ஒட்டி 10-க்கு 11-ல் தனி அறை. உள்ளேயே குளியலறை, ராத்திரி எழுந்தால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, அங்கே மட்டும் வழுக்காத டைல்ஸ். கிழக்கே தெருவைப் பார்த்து 4-க்கு 4 ஜன்னல். அம்மாவுக்கு இப்போது 74 வயது. அதுவரை அவளுக்கென்று தனி அறை என்று ஒன்று இருந்ததே இல்லை. படத்தில் அந்தக் கட்டத்துக்குள் 'அம்மா' என்று எழுதியபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

2024 தை மாதம் பால் காய்ச்சினோம். டவுனில் 50 வருஷத்துக்கு மேல் இருந்த வளவு வீட்டைக் காலி பண்ணிவிட்டு அம்மா வந்தாள். கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி, அரிவாள்மணை, இரண்டு பத்தமடைப் பாய், அப்பா படம்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஹாலில் அம்மா இல்லை, அறையிலும் இல்லை. மதினி, "அத்தை பின்னால இருப்பாங்க, தெனமும் அங்கதான்" என்றாள். அடுக்களைக்குப் பின்னால் வேலைப் பகுதி என்று நாலடி இடம் விட்டிருந்தேன். வாஷிங் மெஷினும் கேஸ் சிலிண்டரும் வைக்கிற இடம். அந்தக் கதவு நிலைப்படியில், சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இங்க வந்து உக்காந்திருக்க?"

"காத்து வருதுட்டி."

"ரூம்ல ஃபேன் இருக்கு, ஏசி இருக்கு. இங்க வெயிலடிக்குல்லா."

"நல்லாத்தான் இருக்கு. நல்லா இல்லன்னு யாரு சொன்னா? அங்க உக்காந்தா ஒண்ணும் தெரியமாட்டக்கு. செவரப் பாத்துக்கிட்டு எவ்ளோ நேரம்தான் இருக்க?"

தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்திருக்கிறேனே, என்ன தெரியவில்லை என்று எனக்குப் புரியவில்லை. சாப்பிட்டு முடித்து மத்தியானம் அம்மா அறைக்குப் போய், அவள் பாய் விரிக்கிற இடத்தில், அவள் சாய்கிற சுவரில் சாய்ந்து நானும் உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது. எனக்கு எதிரே வெறும் சுவர். ஜன்னல் அதற்கு மேலே எங்கேயோ இருக்கிறது. அதில் தெரிந்தது கொஞ்சம் வானமும் ஒரு மின்கம்பியும்தான். கட்டிலுக்கு அடியில் இருட்டு, பீரோவின் கீழ்ப்பாதி, ஒரு பிளக் பாயின்ட். 10-க்கு 11 அறை, உட்கார்ந்தவுடன் கிணறு மாதிரி ஆகிவிட்டது.

பையில் எப்போதும் டேப் இருக்கும். அம்மாவை அந்த இடத்தில் உட்காரவைத்துத் தரையிலிருந்து அவள் கண் வரைக்கும் பிடித்துப் பார்த்தேன். 2 அடி 3 அங்குலம். அப்புறம் நாற்காலியில் உட்காரச் சொல்லி அளந்தேன். 3 அடி 8 அங்குலம்.

எங்கள் வேலையில் ஜன்னலின் அடிமட்டத்தை சில் லெவல் என்போம். தரையிலிருந்து 3 அடி. மேல்மட்டம் லிண்டல், 7 அடி. இது யாரும் யோசித்துப் போடுகிற அளவு அல்ல, கை தானாகப் போட்டுவிடும். மேசையோ கட்டிலோ ஜன்னலுக்குக் கீழே போடலாம், குழந்தை எட்டி ஏறாது, வெளியிலிருந்து பார்வை விழாது. எல்லாம் நல்ல காரணங்கள். ஆனால் இந்த 3 அடி, நாற்காலியில் உட்காருகிறவனுக்கான 3 அடி. அவனுக்குக் கண் 8 அங்குலம் மேலே இருக்கும், வெளியே தெரியும். தரையில் உட்காருகிற அம்மாவுக்குக் கண் 9 அங்குலம் கீழே. ஒரே அறை, ஒரே ஜன்னல். மதினி வந்து கட்டிலில் உட்கார்ந்தால் அது வெளிச்சமான அறை, அம்மா உட்கார்ந்தால் சுவர்.

27 வருஷத்தில் எத்தனை ஜன்னல் வரைந்திருப்பேன்! இந்த வீட்டில் யார் எதில் உட்காருவார்கள் என்று ஒருவரிடமாவது கேட்டேனா என்றால் இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

டவுன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளவு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு பெரிய வாசலுக்குள் நுழைந்தால் நடுவே பொது முற்றம், கிணறு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், பக்கத்துச் சுவர் பொதுச்சுவர். எங்கள் வீட்டின் உள் அகலம் 9 அடிதான். நீளம் 50 அடிக்குக் குறையாது. முதலில் தார்சா என்கிற முன்பகுதி, அப்புறம் பட்டாசல் என்கிற கூடம், அதற்கு உள்ளே சாமான் போடுகிற அரங்கு, அதைத் தாண்டி மேலே திறந்திருக்கிற வானவெளி, அப்புறம் அடுக்களை, அதன் ஓரத்தில் பாத்திரம் கழுவ அங்கணம், கடைசியில் புறவாசல். எல்லாக் கதவும் ஒரே நேர்க்கோட்டில். தெருப்பக்கம் நின்றால் புறவாசல் முருங்கை மரம் தெரியும். அரங்கு ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கும், பார்வையை மறைக்காது.

பட்டாசலில் அரங்குக் கதவுக்குப் பக்கத்துச் சுவர்தான் அம்மாவின் இடம். அங்கே முதுகைச் சாய்த்தால் இடது கைப்பக்கம் வளவு வாசல், வலது கைப்பக்கம் வானவெளியும் அடுக்களையும். யார் வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். உலையில் சோறு பொங்குவதும் தெரியும். புது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா அடிக்கடி "யாரு? யாரு வந்திருக்கா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். காது மந்தமாகிவிட்டதோ என்று அண்ணன் டாக்டரிடம் காட்டலாம் என்றான். காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வருகிற ஆள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அந்த வீட்டு ஜன்னலை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பட்டாசலில் இருந்தது ஒன்றே ஒன்று. தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கும். நிமிர்ந்த இரும்புக் கம்பிகள், சுவர் ஒன்றரை அடி கனம், அதனால் ஜன்னலுக்கு உள்ளே ஒரு திட்டு மாதிரி இடம் கிடைக்கும். நான் பரீட்சைக்குப் படித்தது அதில் உட்கார்ந்துதான். கதவு நாலு பலகை. மேலே இரண்டு, கீழே இரண்டு, தனித்தனியாகத் திறக்கலாம். காலையில் நாலும் திறந்திருக்கும். மத்தியானம் அம்மா தலை சாய்க்கும்போது கீழ் இரண்டையும் சாத்திவிடுவாள், மேலே காற்று வரும், முற்றத்தில் போகிறவர்களுக்கு உள்ளே படுத்திருப்பவள் தெரியமாட்டாள். மழை என்றாலும் அப்படித்தான். ஒரு தச்சர் தரையில் உட்கார்ந்து, தரையில் உட்காருகிறவர்களுக்காகச் செய்த ஜன்னல் அது.

9 அடி அகலம் எதனால் வந்தது என்று எங்கள் இன்ஜினியர் சார் ஒரு தடவை சொன்னார். மரம் எட்டுகிற தூரம்தான் அறையின் அகலம். பனங்கையோ தேக்கு உத்திரமோ, சுவருக்குச் சுவர் கிடத்தி, அதன்மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் பதித்து, சுண்ணாம்புக் கலவை போட்டு அடித்து மட்டப்பா என்கிற தட்டைக் கூரையை எழுப்ப வேண்டும். நீள மரத்துக்கு விலை அதிகம், நடுவில் தொய்யும். அதனால் சாதாரணப்பட்டவர்கள் வீடு 8 அடி, 9 அடி, 10 அடியில் நின்றது. அகலத்தில் கிடைக்காததை நீளத்தில் எடுத்துக்கொண்டார்கள். வசதியானவர்களுக்கு இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீளும், அறை மட்டும் பெரிதாகாது. கான்கிரீட் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. நடுவில் பீம் கொடுத்தால் 20 அடி ஹாலும் போடலாம். போடலாம் என்றவுடன் எல்லோரும் போட்டோம்.

பழைய வீடு சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த அடுக்களையில் விறகுப் புகையில் எங்கள் ஆச்சிக்குக் கண் போனது. அரங்கு பகலிலும் இருட்டு, அங்கேதான் பிரசவம், அங்கேதான் பெண்கள் புடவை மாற்றுவது. மாதவிலக்கு என்றால் புறவாசல் பக்கம் ஒரு கிழிந்த பாயும் தனித் தட்டும். எட்டு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். ஒரு வீட்டில் சண்டை என்றால் எட்டு வீட்டுக்கும் கேட்கும். கல்யாணமான புதிதில் அம்மாவும் அப்பாவும் ஒருவரோடொருவர் பேசுவதற்குத் தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, போக வேண்டியிருந்தது என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறைக்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். அந்த ஏக்கத்தில்தான் அம்மாவுக்கும் அப்படி ஓர் அறையை வரைந்தேன். என் தேவையை அவள் தேவை என்று நினைத்துவிட்டேன்.

ஹால் விஷயத்துக்கு வருகிறேன். 16-க்கு 20 எப்படி வந்தது? எங்களிடம் வீடு கட்ட வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் மனையடி சாஸ்திரப் புத்தகம் இருக்கும், இல்லையென்றால் மனதில் இருக்கும். உள்ளளவு 6, 8, 10, 11 அடி நல்லது. 12, 13, 14, 15 ஆகாது. அப்புறம் 16, 17, 20, 21 நல்லது. நானும் இந்த நம்பிக்கையில் வளர்ந்தவள்தான், அதைத் தள்ளிவிட்டு வரைய எனக்கு மனசு வராது. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன். 11-க்கும் 16-க்கும் நடுவில் பெரிய பள்ளம். நாலைந்து பேர் உள்ள குடும்பம் எதிரெதிரே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் பேசுவதற்கு 13, 14 அடி அகலம் நன்றாக இருக்கும். அது கிடைக்காது. ஒன்று 11-ல் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும், அல்லது 16-க்குத் தாவ வேண்டும். கொஞ்சம் கையில் காசு உள்ளவர்கள் தாவிவிடுகிறார்கள். 11-லேயே நின்றுகொண்டு, நீளத்தை 16 அல்லது 17 வைத்து, ஒரு பக்கம் மட்டும் ஆட்கள் உட்காரும்படி அமைத்தால் இதமாக இருக்கும் என்று இப்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

அண்ணன் ஹாலில் பேசினால் குரல் போய் மோதித் திரும்பி வந்தது. கண்ணாடி மாதிரி பளபளக்கும் விட்ரிஃபைட் தரை, பூசிய சுவர், பத்தரை அடி உயரத்தில் பூசிய கூரை. ஒலியை வாங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. டிவி சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல், குறைத்தால் புரியவில்லை. மதினி கனமான திரைச்சீலை போட்டாள், துணி மெத்தை வைத்த திவான் ஒன்று வந்தது, கீழே பெரிய ஜமுக்காளம் விரித்தார்கள். பாதிச் சத்தம் அடங்கிவிட்டது.

இன்னொன்று கதவுகள். அந்த ஹாலில் எத்தனை திறப்பு என்று எண்ணிப் பார்த்தேன்: தலைவாசல், அம்மா அறை, இன்னொரு படுக்கையறை, பூஜையறை, சாப்பிடும் இடத்துக்குப் போகிற வழி, மாடிப்படி. ஆறு. ஒவ்வொரு திறப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஆள் நடக்க 3 அடி அகலப் பாதை வேண்டும். தரையில் பென்சிலால் அந்தப் பாதைகளை வரைந்தால் மிச்சமிருப்பது சின்னச் சின்ன முக்கோணங்கள்தான். சோபாவைப் போட ஒரு முழுச்சுவர் இல்லை. நட்டநடுவில் போட்டார்கள், உட்கார்ந்தவர் முதுகுக்குப் பின்னால் ஆள் போய்க்கொண்டே இருக்கும். 320 சதுர அடி ஹாலில் ஒருவரும் பத்து நிமிஷம் தங்கவில்லை. எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். அது 8-க்கு 10 இடம், மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் அடுக்களைத் திறப்பு. பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவதும் அங்கேதான், அண்ணன் பேப்பர் படிப்பதும் அங்கேதான்.

கல்யாணமாகி மூன்று வருஷம் சென்னையில் மேற்கு மாம்பலத்தில் ஒரு போர்ஷனில் இருந்தோம். ஓர் அறை, 8-க்கு 10. ஓரத்தில் இரண்டு பேர் நிற்க முடியாத சமையல் மேடை. தண்ணீர் லாரி வருகிற நாளில் குடம் வைக்கவே இடம் இருக்காது. ஆனாலும் மூச்சு முட்டியதாக ஞாபகம் இல்லை. கதவைத் திறந்தால் முன்னால் நாலடியில் ஒரு தாழ்வாரம், அதில் வீட்டுக்காரம்மா வைத்த துளசித் தொட்டி. சாயந்திரம் அங்கே உட்கார்ந்து பூக் கட்டுவேன். என் வீட்டின் அளவு அந்தத் தாழ்வாரத்தையும் சேர்த்துத்தான் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டது. பின்னால் பாளையங்கோட்டைக்கு வந்து அபார்ட்மென்ட் ஒன்றில் 650 சதுர அடியில் இருந்தோம். இரண்டு படுக்கையறை. கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு, நடுவில் வெளிச்சமில்லாத பாதை. அங்கேதான் எனக்கு மூச்சு முட்டியது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பில் குடியிருக்கும் அறைக்குக் குறைந்தபட்ச அளவு சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஒரே அறை என்றால் 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது, உயரம் 2.75 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 10-க்கு 10, உயரம் 9 அடி. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திறப்பு, வறண்ட வெப்பப் பகுதியில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, ஈரமான வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்கு. இந்த விதிகள் வேண்டும். இவை இல்லாவிட்டால் 6 அடி அறையை இருட்டில் கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மா அறை அளவிலும் உயரத்திலும் தேறியது. 110 சதுர அடிக்கு 16 சதுர அடி ஜன்னல், ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு; வறண்ட பகுதிக் கணக்குக்குத் தாராளம், ஈரமான பகுதிக் கணக்குக்கு மட்டும் கொஞ்சம் குறைவு. ஜன்னல் எவ்வளவு பெரிது என்று விதி கேட்கிறது. அதைப் பார்க்கிற கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வரைகிறவள்தான் கேட்க வேண்டும்.

சின்ன இடம் எப்படி இதமாகிறது என்பதற்கு நான் எல்லோரிடமும் சொல்கிற இடம் ஒன்று உண்டு. திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தியன் காபி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. 1917-ல் பர்மிங்ஹாமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, 2007-ல் திருவனந்தபுரத்திலேயே கண்மூடியவர். சிவப்புச் செங்கல் உருளை மாதிரி நிற்கும் அந்தக் கட்டடத்துக்குள் படிக்கட்டு ஏறி மாடி போவதில்லை, சரிவாகச் சுற்றிச் சுற்றி ஏறுகிறோம். வெளிச்சுவரை ஒட்டியே மேசையும் இருக்கையும். சுவரில் செங்கல்லை விட்டு விட்டு வைத்த துவாரங்கள், அதன் வழியே காற்றும் துண்டு துண்டாகத் தெருவும். கூட்டம் நெரியும் நேரத்திலும், உட்கார்ந்துவிட்டால் அந்த மேசை நம்முடையது. ஒரு பக்கம் சுவர், பக்கத்தில் வெளிச்சம், எதிரே கூட வந்தவர். அப்பாவைச் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போன நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் அங்கே காபி குடித்துக்கொண்டு நிறைய நேரம் உட்கார்ந்திருப்போம். ஆஸ்பத்திரி ஹாலில் பேச வராத பேச்செல்லாம் அங்கே அப்பாவுக்கு வந்தது.

அதே மாதிரி தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. ராஜா வாழ்ந்த இடம் என்று பெரிதாக நினைத்துக்கொண்டு போகிறவர்கள் உள்ளே குனிந்து நுழைகிறார்கள். அறைகள் சின்னது, கூரை தாழ்வு, நடைகள் குறுகல். தாழ்ந்த இடத்திலிருந்து திறந்த இடத்துக்கு வரும்போது உடம்பு தானாக நிமிர்கிறது. ஓட்டு வீடுகளிலும் அப்படித்தானே. தாழ்வாரத்தில் தலை இடிக்கும், நடுக்கூடத்தில் முகடு 14 அடிக்குப் போகும். ஆள் உட்காருகிற ஓரம் தாழ்வாக, சூடு ஏறுகிற நடு உயரமாக. எல்லா அறையும் ஒரே 10 அடி உயரம் என்று நாங்கள் வரைந்து தள்ளுகிறோம். வரைய அதுதான் சுலபம்.

சரி, அம்மா அறை. முதலில் அம்மாவை நாற்காலிக்குப் பழக்கலாம் என்று அண்ணன் சொன்னான். ஒரு சாய்வு நாற்காலியும் வாங்கிவந்தான். அம்மா அதில் துணி மடித்து வைத்தாள். 70 வருஷம் தரையில் உட்கார்ந்த உடம்பு, நாற்காலியில் காலைத் தொங்கவிட்டால் வீங்கிவிடுகிறது. ஆளை மாற்றுவதைவிட சுவரை மாற்றுவது எளிது என்று நான் சொன்னேன்.

இன்ஜினியர் சாரிடம் கேட்டேன். ஜன்னலுக்குக் கீழே இருப்பது வெறும் அடைப்புச் சுவர்தான், அதன்மேல் பாரம் இல்லை, மேலே லிண்டல் அப்படியே இருக்கும், தாராளமாக எடுக்கலாம் என்றார். தாழ்த்தினால் காம்பவுண்ட் சுவர்தானே தெரியும் என்று அண்ணனுக்குச் சந்தேகம். அதையும் கணக்குப் போட்டுக் காட்டினேன். வீட்டின் பேஸ்மட்டம் வெளித்தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். அதன்மேல் அம்மா கண் 2 அடி 3 அங்குலம். ஆக 4 அடி 9 அங்குலம். முன்பக்கக் காம்பவுண்ட் 4 அடி. தெரு தெரியும்.

ஆடி மாதம் யாரும் புதிதாக வேலை தொடங்கமாட்டார்கள், கொத்தனார் சுலபமாகக் கிடைத்தார். சில் கான்கிரீட்டை உடைத்து, கீழே இரண்டு அடிச் சுவரை எடுத்து, தரையிலிருந்து ஓர் அடியில் கடப்பாக் கல் பதித்தார். வெல்டர் வந்து கீழ் வரைக்கும் நேர்க்கம்பி வைத்தார். பூச்சு காயட்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா பாயைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் கீரைக்காரி போய்க்கொண்டிருந்தாள். "ஏய், நில்லு தாயி. அரைக்கீரை என்ன வெல?" என்றாள் அம்மா. ஏழு மாதம் அந்தத் தெருவில் இருந்து, அவளாக ஒரு ஆளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது கீரைக்காரி, கேஸ் சிலிண்டர் தம்பி, எதிர்வீட்டு டீச்சர் எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். மதினியும் சாயந்திரம் பிச்சிப்பூவோடு அங்கே வந்து உட்காருகிறாள். அந்த வேலைப் பகுதி நிலைப்படி காலியாகிவிட்டது.

ஹாலை ஒன்றும் செய்ய முடியவில்லை. மாடிப்படியை மறைத்து ஒரு மரத் தடுப்பு வைத்து, அதன் முன்னால் ஒரு சுவர்ப் பக்கத்தை உண்டாக்கலாம் என்று வரைந்து கொடுத்திருக்கிறேன். அண்ணன் யோசிக்கிறான். போர்ட்டிகோவில் இரண்டரை அடி அகலத்துக்கு ஒரு திண்ணை போடக் கேட்டேன், கார்க் கதவு திறக்காது என்கிறான். அது நியாயம்தான்.

அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களிடம் இப்போது மனை அளவு, திசை, எத்தனை படுக்கையறை என்று கேட்டு முடித்ததும், வீட்டில் தரையில் உட்காருகிறவர்கள் யார், எந்த நேரம், என்ன செய்துகொண்டு என்று கேட்கிறேன். முதலில் முழிப்பார்கள். அப்புறம் ஒருவர் அம்மாவைச் சொல்லுவார், ஒருவர் தையல் மெஷினை விட்டு இறங்கித் துணி வெட்டுகிற மனைவியைச் சொல்லுவார், ஒருவர் நாலு வயதுக் குழந்தையைச் சொன்னார். குழந்தையின் கண்மட்டம் நான் யோசித்தே பார்த்திராதது.

ஐப்பசி மழை பிடித்த பிறகு ஒரு சிக்கல். கிழக்கு ஜன்னல் என்பதால் சாரல் நேராக அம்மா மடியில் அடிக்கிறது. ஆறடிக்கு ஒற்றைக் கதவாகப் போட்டிருக்கிறோம். சாத்தினால் அறை இருட்டு, திறந்தால் பாய் நனைகிறது. போன வாரம் அம்மா சொன்னாள், "நம்ம டவுன் வீட்ல இருந்துச்சுல்லா, அது மாதிரி கீழ்க்கதவு தனியா, மேக்கதவு தனியா வச்சிருட்டி."

தச்சரிடம் கேட்டேன். நாலு பலகை ஜன்னல் செய்து இருபது வருஷம் ஆயிற்று, அளவு போட்டுக் கொடுத்தால் செய்கிறேன் என்றார். டவுன் வீட்டை வாங்கினவர்கள் இன்னும் இடிக்கவில்லை. நேற்று போய்க் கேட்டேன், உள்ளே விட்டார்கள், பட்டாசல் ஜன்னலை அளந்துகொண்டு வந்தேன். கீழ்ப்பலகை 1 அடி 10 அங்குலம், மேல்பலகை 2 அடி 2 அங்குலம். இரண்டும் சமம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கீழ்ப்பலகை முடிகிற இடம் தரையிலிருந்து 3 அடி 4 அங்குலம். படுத்திருப்பவளை மறைக்கும், உட்கார்ந்திருப்பவளையும் மறைக்கும், நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு மட்டும் வெளியே தெரியும். அம்மாவுக்கு மழையிலும் தெரு தெரிய வேண்டும். அதனால் கீழ்ப்பலகையை 2 அடிக்கும் கீழே நிறுத்த முடியுமா, அப்போது சாரல் எவ்வளவு உள்ளே வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை தச்சர் வருகிறார். அதற்குள் படம் முடிய வேண்டும்.